குழிக்கு எத்தனை காய்? பினாங்கு லிட்டில் இந்தியாவும் ஆட்ட விதிகளின் வரலாறும்

ஆட்டங்களை, அவற்றின் விதி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டு, இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். இன்றைய சதுரங்கம், கேரம், லூடோ போன்றவற்றில் ஆடுவோர் உட்காருவதற்கு முன்பே விதி முடிவாகி, புத்தகத்திலோ பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலோ அச்சாகியிருக்கிறது. சச்சரவு எழுந்தால் தாளை எடுத்துப் பார்த்ததும் வழக்குத் தீர்ந்துவிடும். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆகியவை அப்படி ஒரு தாளை நம்பி வளர்ந்தவை அல்ல. எந்த வீட்டில் பலகை எடுத்து வைக்கப்படுகிறதோ அந்த வீட்டு வழக்கமே அங்கே விதி, வெளியிலிருந்து வந்து அமர்பவர் முதல் காயைத் தொடுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடந்த சில பத்தாண்டுகளில் கணினி வழியே பரவிய சில ஆட்டங்கள், அச்சுத் தாள் வகையைத் தாண்டிச் சென்று, இந்த இரண்டாம் வகையோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானவை "சாண்ட்பாக்ஸ்" ஆட்டங்கள். குழந்தைகள் மணலைக் குவித்தும் கலைத்தும் விளையாடும் தொட்டியின் பெயரால் அழைக்கப்படும் இவற்றில், எட்டியே தீர வேண்டிய இலக்கு என்று ஒன்றும் இல்லாமல், உலகில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு விரும்பியதைக் கட்டலாம், இடிக்கலாம், பயிரிடலாம், சண்டையிடலாம். பலர் ஒரே உலகில் கூடி ஆடுவதற்கு, அந்த உலகத்தை இடைவிடாமல் இயக்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினி தேவைப்படுகிறது. அதற்கே சர்வர் என்று பெயர். சர்வரை நடத்துபவர் அந்த உலகின் விதிகளைத் தமக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம்: இரவு வரலாமா, தீ பரவலாமா, இறந்தவர் கையிலிருந்த பொருள்களை இழக்கலாமா என்பவற்றையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். இந்த உரிமை கணினியோடு பிறந்ததல்ல, பலகை ஆட்டங்களில் வீட்டாருக்கு இருந்த உரிமையின் தொடர்ச்சி என்பதைக் காண்பதற்கு, தமிழ் ஆட்டமும் மலாய் ஆட்டமும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்த பினாங்கின் லிட்டில் இந்தியா மிகப் பொருத்தமான இடமாகும்.

ஜார்ஜ் டவுன் நகரின் பழைய பகுதியில் லெபோ பசார் எனப்படும் மார்க்கெட் வீதி, பினாங்கு வீதி, குயின் வீதி, கிங் வீதி, சூலியா வீதி ஆகியவை ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் சிறிய பரப்புக்குள் இந்தக் குடியிருப்பு அடங்கிவிடுகிறது. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொண்டபோது, அக்கரையில் இருந்த கெடா நாட்டில் சோழமண்டலக் கரை வணிகர்கள் ஏற்கெனவே பல தலைமுறைகளாகக் குடியேறியிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரே புதிய துறைமுகத்துக்கு முதலில் வந்து கடை வைத்தவர்கள். 1794-இல் லைட் எழுதிய கடிதம், சூலியாக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட இந்தத் தமிழ் முஸ்லிம்களையும் கரையோர மக்களையும் குறித்து, ஏறத்தாழ ஆயிரம் பேர் ஊரில் நிலைத்திருப்பதாகவும், சிலர் மட்டுமே குடும்பத்தோடு இருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 ஆண்கள் வந்து போவதாகவும் தெரிவிக்கிறது. 1801-இல் காதர் மொஹிதீன் என்ற தலைவரின் முயற்சியால் கபித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. 1833-இல் குயின் வீதியில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. "கபித்தான்" என்பது ஒவ்வொரு சமூகத்துக்கும் ஆட்சியாளர் ஏற்றுக்கொண்ட தலைவரைக் குறிக்கும் பதவி. 1807-ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தின் மூலம் முறையான நீதிமன்றம் ஏற்படும் வரை, சிறு வழக்குகளை அந்தந்தச் சமூகத்தார் தங்கள் வழக்கப்படி தங்கள் தலைவரிடமே தீர்த்துக்கொண்டார்கள்.

லைட்டின் கடிதத்திலுள்ள ஆண்களின் எண்ணிக்கை ஆட்ட வரலாற்றுக்கு இன்றியமையாத செய்தியாகும். பல்லாங்குழி பெரும்பாலும் பெண்களின் ஆட்டம். பூப்பெய்திய பெண் வீட்டில் தங்கும் நாள்களிலும், கருவுற்ற பெண் தாய் வீடு வந்திருக்கும் மாதங்களிலும், நடுப்பகல் ஓய்விலும் அது வாழ்ந்தது. பெண்கள் குறைவாக இருந்த ஒரு குடியிருப்பில் அந்த ஆட்டம் வேரூன்ற நெடுங்காலம் பிடித்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு வீதியில் பெருகிய நகரத்தார் வட்டிக்கடைகளும் இதே நிலையையே காட்டுகின்றன. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு கைப்பெட்டியும் சாய்வுமேசையும் வைத்துத் தொழில் நடத்திய கிட்டங்கிகளில், செட்டிநாட்டிலிருந்து மூன்றாண்டுக் கணக்குக்கு வந்த மேலாளும் அடுத்தாளும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டே வந்தார்கள். மரத்திலும் பித்தளையிலும் வெள்ளியிலும் பல்லாங்குழி செய்து மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த அதே செட்டிநாட்டு வீடுகளின் ஆண்கள், பினாங்கில் அந்தப் பலகையைக் காணாமலே மூன்று ஆண்டுகளைக் கழித்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து ஆடக்கூடிய தாயமும் ஆடுபுலியும் இத்தகைய ஆண்கள் கூட்டத்துக்கு எளிதில் ஒத்துவந்த ஆட்டங்கள். ஆடுபுலியில் 3 புலிகளும் 15 ஆடுகளும் 23 சந்திப்புகளில் மோதுகின்றன. மலாய் மக்களிடம் வழங்கிய ரிமாவ் என்ற புலியாட்டத்திலோ ஒரே புலியை இருபதுக்கு மேற்பட்ட ஆள்கள் சூழ்ந்து மடக்கப் பார்க்கிறார்கள். வேட்டை ஒன்றே, ஆனால் புலிகளின் எண்ணிக்கை மாறியதும் புலி கூட்டாளியோடு திட்டமிடும் ஆட்டம் ஒன்றாகவும், தனித்து ஓடித் தப்பும் ஆட்டம் வேறொன்றாகவும் ஆகிவிடுகின்றன.

பெண்களும் குழந்தைகளும் வந்து குடும்பங்கள் நிலைபெற்றபின் பல்லாங்குழியும் வந்து சேர்ந்தது. அதன் அமைப்பை நெருங்கிப் பார்த்தால்தான் "வீட்டு விதி" என்பதன் பொருள் விளங்கும். பலகையில் இரண்டு வரிசையாகப் பதினான்கு குழிகள். எதிரெதிரே அமரும் இருவருக்கு ஆளுக்கு ஏழு. சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி, குன்றிமணி என்று கைக்கு அகப்பட்டதே காய். குழிக்கு ஐந்து காய் என்று தொடங்கினால் மொத்தம் 70, ஆறு என்றால் 84. ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றின் காய்களை முழுவதும் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்கிறார். கையில் உள்ளது தீர்ந்ததும், கடைசிக் காய் விழுந்த குழியை விட்டு, அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்கிறார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அந்த வெறுங்குழியை விரல்களால் துடைத்துவிட்டு அதற்கும் அப்பால் உள்ள குழியின் காய்களைத் தம் வரவாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு குழிகள் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காமல் ஆட்டம் எதிராளியிடம் போகிறது. இடையில் எந்தக் குழியிலாவது நான்கு காய்கள் சேர்ந்தால் அது "பசு". யார் ஆடிக்கொண்டிருந்தாலும், அந்தக் குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் பொதுவாகச் சொல்லப்படும் முறை. ஆயினும் இதில் ஒவ்வொரு சொல்லும் வீட்டுக்கு வீடு மாறக்கூடியது. ஐந்தா, ஆறா, பன்னிரண்டா என்று தொடக்க எண்ணிக்கையே மாறும். பசுவைக் கவனித்துக் கேட்டால்தான் தரவேண்டும் என்பது ஒரு வீட்டு வழக்கு, கேட்காவிட்டாலும் அது உரியவருக்கே சேரும் என்பது மற்றொரு வீட்டு வழக்கு. நடுக்குழிக்குத் தனிச் சிறப்பளித்து அதில் சேரும் காய்களை இறுதி வரை தொடாமல் வைக்கும் காசிப் பாண்டி, குழிகளைக் கட்டிவைக்கும் கட்டுப் பாண்டி, துணையில்லாமல் ஒருவரே ஆடும் சீதைப் பாண்டி என்று பலவகை ஆட்டங்கள் ஒரே பலகையில் நடைபெற்றன. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட "தமிழ்நாட்டு விளையாட்டுகள்" என்ற நூல் இத்தகைய ஆட்டங்களை ஊர்வழக்கோடு தொகுத்து வைத்த முன்னோடி முயற்சி. ஓர் ஆட்டத்துக்கு ஒரே விதி என்று அடித்துச் சொல்லாமல் இடத்துக்கு இடம் வேறுபடுவதைப் பதிவு செய்தது அந்நூலின் பெரிய தகுதியாகும்.

பினாங்கின் மலாய் வீடுகளிலும், சீன மரபும் மலாய் மரபும் கலந்த பெரானாக்கன் வீடுகளிலும், இதற்கு உறவான ஆட்டம் ஒன்று இருந்தது. சோங்காக் என்னும் அந்த ஆட்டத்தின் பலகை படகு வடிவில் செதுக்கப்பட்டது. செல்வர் வீடுகளில் நாகத் தலையும் பூவேலையும் வண்ணப் பூச்சும் கொண்டிருந்தது. பக்கத்துக்கு ஏழு குழி என்பதில் அது பல்லாங்குழியை ஒத்திருந்தாலும், இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெருங்குழி இருப்பது அதன் தனித்தன்மை. ரூமா, அதாவது வீடு, என்று வழங்கும் அந்தப் பெருங்குழி ஒவ்வொருவரின் களஞ்சியம். குழிக்கு ஏழு வீதம் 98 காய்களோடு ஆட்டம் தொடங்குகிறது. போட்டுச் செல்லும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காயைத் தம் வீட்டில் இட்டு, எதிராளியின் வீட்டைத் தாண்டிச் செல்ல வேண்டும். கடைசிக் காய் தம் வீட்டிலேயே விழுந்தால் மீண்டும் ஆடலாம். காய் உள்ள குழியில் விழுந்தால் அதே குழியை அள்ளித் தொடரலாம். தம் பக்கத்து வெறுங்குழியில் விழுந்தால் நேரெதிரே உள்ள எதிராளியின் காய்கள் அகப்படும். எதிர்ப்பக்கத்து வெறுங்குழியில் விழுந்தால் "மாத்தி", ஆட்டம் செத்துவிட்டது என்று பொருள். முதல் சுற்றில் யார் முந்துவது என்ற வழக்கே எழாதபடி இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள் என்பது இதன் அழகான ஏற்பாடு.

இரு ஆட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளில் மிக நுட்பமானது, கை காலியானதும் எந்தக் குழியை அள்ளுவது என்பதாகும். பல்லாங்குழியில் அடுத்த குழி. சோங்காக்கில் கடைசிக் காய் விழுந்த அதே குழி. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த ஒரு மாற்றம் ஆட்டத்தின் போக்கையே திருப்பிவிடுகிறது. சோங்காக்கில் ஒவ்வொரு அள்ளலிலும் கடைசியாக விழுந்த காயும் சேர்ந்தே பயணம் போவதால் குழிகள் வேகமாகக் காலியாகி, ஓட்டம் நீண்டுகொண்டே போகிறது; கெட்டிக்காரர் ஒருவர் ஒரே மூச்சில் பலகையைப் பலமுறை சுற்றி வருவார். பல்லாங்குழியில் கடைசிக் காய் விழுந்த இடத்திலேயே தங்கிவிடுவதால், நான்கு சேரும் குழிகள் இங்குமங்கும் முளைக்கின்றன, எதிராளி ஆடும்போதும் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்க முடியாது. முதலாவது ஓட்டத்தைக் கணக்கிடும் திறனைச் சோதிக்கிறது, இரண்டாவது விழிப்பைச் சோதிக்கிறது.

தோற்றவர் நிலை என்ன என்ற கேள்விக்கு இரு ஆட்டங்களும் ஒரே விடையைத் தருகின்றன. ஒரு சுற்று முடிந்து, அவரவர் வரவிலிருந்து குழிகளை மறுபடி நிரப்பும்போது, தோற்றவரிடம் ஏழு குழிக்கும் போதிய காய் இருக்காது. நிரப்ப முடியாத குழிகளைப் பல்லாங்குழியில் துரும்போ குச்சியோ இட்டு அடையாளப்படுத்தி ஒதுக்குகிறார்கள். சோங்காக்கில் அவை "எரிந்த வீடுகள்", அவற்றில் யாரும் காய் போடக் கூடாது. இழப்பு அந்தச் சுற்றோடு தீர்வதில்லை, அடுத்த சுற்றுக்கும் கூடவே வருகிறது. ஐந்து குழியோடு ஆடத் தொடங்கியவர் மீண்டும் ஏழு குழிக்கு ஏறிவருவது அரிது; ஏறிவந்தால் அந்த வெற்றி நெடுநாள் பேசப்படும். சிறு பிள்ளைகள் ஆடும்போது மட்டும் இந்த வழக்கத்தைத் தளர்த்தி ஒவ்வொரு சுற்றையும் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. அந்தத் தளர்வைத் தீர்மானித்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள்.

சூலியா வீதியைச் சுற்றியிருந்த தமிழ் முஸ்லிம் ஆண்கள் மலாய்ப் பெண்களை மணந்ததால் உருவான ஜாவி பெரானாக்கன் குடும்பங்கள், தந்தை வழித் தமிழும் தாய் வழி மலாயும் ஒரே கூரையின் கீழ் வழங்கிய வீடுகள். பல்லாங்குழி, சோங்காக் இரண்டுமே பெண்கள் வழி வளர்ந்த ஆட்டங்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், தாய் மலாய்ப் பெண்ணாக இருந்த இத்தகைய வீடுகளில் மகள்களுக்கு முதலில் அறிமுகமானது சோங்காக்காகவே இருந்திருக்கும் என்று கொள்ளுவது நியாயம். மலாய் மாநிலங்களில் பணியாற்றிய ஐரோப்பியரும் இந்த ஆட்டத்தைக் கவனித்தார்கள். அரசு ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை நடத்திய ஆய்விதழில் 1907-இல் ஹெல்லியரும், 1915-இல் ஓவர்பெக்கும் சோங்காக் பற்றிக் குறிப்புகள் எழுதினார்கள். ஒருவர் எழுதிச் சில ஆண்டுகளுக்குள் மற்றொருவர் "புதிய குறிப்புகள்" என்று எழுத வேண்டி வந்ததே, விதி எவ்வளவு வேறுபட்டுக் கிடந்தது என்பதற்குச் சான்று. 1989-இல் மலேசிய மத்திய வங்கி வெளியிட்ட நாணய வரிசையில் 10 சென் காசின் ஒரு பக்கத்தில் சோங்காக் பலகை பொறிக்கப்பட்டது. லெபோ பசாரின் பூக்கடையிலும் பலகாரக் கடையிலும் மீதிச் சில்லறையாகக் கைமாறிய அந்தக் காசின் வழியே, தமிழ்ப் பெண்கள் தங்கள் பல்லாங்குழியின் உறவுக்காரியை நாள்தோறும் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் சின்னமாக உயர்ந்தபோதும் அந்த ஆட்டத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று யாரும் விதித்துவிடவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது.

அச்சும் காப்புரிமையும் நுழைந்த இடங்களில் நிலைமை வேறாயிற்று. இந்தியப் பகடையாட்டமான பச்சீசியிலிருந்து எளிமையாக்கப்பட்ட லூடோவுக்கு 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது. அதன்பின் அது விதித்தாளோடு கூடிய பெட்டியாக உலகெங்கும் சென்றது. குழியாட்டத்துக்கும் அமெரிக்காவில் அதே கதி நேர்ந்தது: வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் என்பவர் 1940-இல் வகுத்த "கலா" என்ற ஆட்டம், பக்கத்துக்கு ஆறு குழியும் முனைகளில் இரண்டு களஞ்சியங்களும் கொண்டு, வணிகப் பொருளாகப் பரவியது. பெட்டியில் விற்பதற்கு ஒரே விதி வேண்டும், ஒரே விதி வந்ததும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பேச்சுக்கு வேலையில்லாமல் போகும். ஒரே விதியால் உலகப் போட்டிகள் நடத்த முடிகிறது என்பது அதன் பயன். ஆடுவோர் விதியைப் பற்றிச் சிந்திக்கும் பழக்கத்தை இழக்கிறார்கள் என்பது அதற்குக் கொடுத்த விலை.

பினாங்கில் குடியிருப்பும் தொழிலும் ஒருசேர மாறின. 1972-இல் தீவின் தென்பகுதியான பாயான் லெபாஸில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டு, இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. ஆட்டங்களை இயக்கும் சில்லுகள் அந்த ஆண்டிலிருந்து பினாங்குத் தொழிலாளர்களின் கைகளால் பொருத்தப்பட்டன. மறுபுறம், பழைய நகரின் கடைவீடுகளில் கீழே கடையும் மேலே குடும்பமுமாக மக்கள் வாழ்வதற்குத் துணையாக இருந்த 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 1999 முடிவோடு அதன் பாதுகாப்பு தீர்ந்தது. வாடகை உயர்ந்ததும் குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது கட்டடங்கள் காக்கப்பட்டன, ஆனால் மாடியில் பலகை விரித்து அமர்ந்த பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் வேறிடம் போயிருந்தார்கள். இழப்பின் அளவை அறிவிப்புப் பலகைகள் காட்டுவதில்லை. ஒரு வீட்டின் விதி அந்த வீட்டோடு சேர்ந்தது. வீடு கலைந்தால் விதியும் கலையும்.

கணினி உலகில் வீட்டு விதி மறுபடி தலையெடுத்த கதை 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் உருவாக்கிய "மட்" என்ற ஆட்டம், படமே இல்லாமல் எழுத்தாலேயே விவரிக்கப்பட்ட ஓர் உலகில் பலரை ஒரே நேரத்தில் உலவவிட்டது. அதில் போதிய புள்ளி சேர்த்தவர் "விசர்டு", அதாவது மந்திரவாதி, என்ற தகுதி பெற்று மற்றவர்களுக்கு இல்லாத அதிகாரங்களை அடைந்தார். 1989-இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய "டைனிமட்" ஆடுவோரே உலகின் அறைகளைக் கட்ட வழிசெய்தது. 1990-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய "லாம்டாமூ" இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. ஆள்கள் பெருகிப் பூசல்களும் பெருகியபோது, 1992 டிசம்பரில் கர்ட்டிஸ், இனி மந்திரவாதிகள் பஞ்சாயத்து செய்ய மாட்டார்கள், இயந்திரத்தைப் பராமரிப்பதோடு நின்றுகொள்வார்கள் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆடுவோர் மனுப் போட்டு வாக்களித்து விதியை மாற்றும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆட்ட உலகின் விதியை அதில் வாழ்வோர் வாக்கெடுத்துத் தீர்மானித்த தொடக்கக்கால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

1996-இல் வெளியான "குவேக்" என்ற சுடுதல் ஆட்டத்தில் சர்வர் நடத்துபவர் ஒரே ஒரு எண்ணை மாற்றி உலகின் ஈர்ப்பு விசையையே கூட்டவோ குறைக்கவோ முடிந்தது. அதன் இயல்பான அளவு 800. அதைக் குறைத்தால் எல்லோரும் மிதந்து மிதந்து குதித்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2009 மே மாதத்தில், சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்ஸன் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட "மைன்கிராஃப்ட்" இந்த உரிமையைச் சிறுவர்களின் கைக்கும் எட்டச் செய்தது. கனசதுரக் கட்டிகளாலான அந்த உலகம் 2011 நவம்பர் 18 அன்று முழு வடிவில் வெளிவந்தது. அதன் சர்வருக்கான அமைப்புகள் ஓர் எளிய எழுத்துக் கோப்பில் வரிவரியாக இருந்தன: ஆடுவோர் ஒருவரையொருவர் தாக்கலாமா, உலகம் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும், அழைக்கப்பட்டவர் மட்டும் நுழையலாமா, தொடங்கும் இடத்தைச் சுற்றி எத்தனை கட்டி தூரம் பிறர் கைவைக்கக் கூடாது என்பன போன்றவை. கடைசியாகச் சொன்னதன் இயல்பான அளவு 16 கட்டிகள்.

2012 அக்டோபரில் வந்த 1.4.2 பதிப்பு "கேம்ரூல்" என்ற கட்டளையைச் சேர்த்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உலக விதிகளை ஒவ்வொன்றாக இயக்கவும் நிறுத்தவும் இக்கட்டளை இடம் கொடுத்தது. தீ பரவுவது, அரக்கர்கள் கட்டியதை இடிப்பது, இறந்தவர் கைப்பொருளை இழப்பது ஆகியவை அதன் முதல் பட்டியலிலேயே இருந்தன. 2013-இல் பகலிரவுச் சுழற்சியை நிறுத்தும் விதியும், காயம் தானே ஆறலாமா என்ற விதியும், 2021-இல் எத்தனை விழுக்காட்டினர் உறங்கினால் இரவு கழியும் என்ற விதியும் சேர்ந்தன. கடைசி விதி சேர்வதற்கு முன், ஒருவர் உறங்க மறுத்தால் மற்ற எல்லோருக்கும் இரவு நீண்டுகொண்டே போகும். அது எத்தனையோ நட்புகளைச் சோதித்த ஒன்று.

விதி ஒன்றை மாற்றினால் எதிர்பாராத இடத்தில் விளைவு தோன்றும் என்பதை அரக்கர் இடிப்பு விதி தெளிவாகக் காட்டுகிறது. கிரீப்பர் என்ற உயிரி வெடித்து வீடுகள் நாசமாவதைத் தடுக்க அந்த விதியை நிறுத்தும் சர்வர்காரர், ஊரார் விளைச்சலை அறுப்பதும் நின்றுபோனதைப் பிறகே உணர்கிறார். ஆட்டத்தின் பார்வையில் வெடிப்பதும் அறுப்பதும் உலகை மாற்றும் செயல்களாதலால் ஒரே விதியின் கீழ் வருகின்றன. அடுத்த குழியா, அதே குழியா என்ற ஒரே மாற்றம் பல்லாங்குழியையும் சோங்காக்கையும் வெவ்வேறு திறன்களுக்கான ஆட்டங்களாக்கியதை இதனோடு வைத்து நோக்கினால், விதியமைப்பவருக்கு வேண்டிய அறிவு பலகையிலும் சர்வரிலும் ஒரே தன்மையது என்பது புலப்படும்.

இறந்தவர் கைப்பொருள் பற்றிய விதி இன்னும் ஆழமானது. இயல்பு நிலையில் மைன்கிராஃப்டில் இறப்பவர் சுமந்து வந்த அனைத்தும் இறந்த இடத்தில் சிதறி, ஐந்து நிமிடத்துக்குள் போய் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். "கீப்இன்வென்டரி" என்ற விதியை இயக்கினால் பொருள்கள் அவரிடமே தங்கும். இழப்பு ஆட்டத்தோடு தொடர வேண்டுமா, அன்றே தீர்ந்துவிட வேண்டுமா என்ற இந்தக் கேள்வி, எரிந்த வீட்டைச் சுமந்து அடுத்த சுற்றைத் தொடங்குவதா வேண்டாமா என்ற பழைய கேள்வியேதான். சிறுவர்களுக்காக நடத்தப்படும் சர்வர்களில் இந்த விதியை இயக்கி வைப்பதற்கும், பேத்திகள் ஆடும்போது பாட்டிமார் ஏழு குழியையும் நிரப்பிக் கொடுத்ததற்கும் காரணம் ஒன்று: இழப்பின் பாரம் ஆடுபவரின் வயதுக்குத் தக்கதாக இருக்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மறைக்க முடியாது. பலகையில் விதியைக் காப்பது எதிரே இருப்பவரின் கண். பசுவைக் கவனிக்காமல் விட்டவர் இழக்கிறார், காயை ஒன்று கூட்டிப் போட்டவர் கையும் களவுமாகப் பிடிபடுகிறார். சர்வரில் விதியை இயந்திரமே நிறைவேற்றுகிறது, மீற வழியில்லை, அதனால் வாதிடவும் வழியில்லை. அதோடு, விதிக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியும் புதிது. சர்வர்காரர்கள் நிறுவனம் தராத விதிகளையும் சேர்த்துக்கொள்வதற்குத் தன்னார்வலர்கள் உருவாக்கிய "பக்கிட்" என்ற மென்பொருள் பல ஆண்டுகள் பெரும்பாலான சர்வர்களுக்கு அடித்தளமாக இருந்தது. 2014 செப்டம்பரில் அதற்கு நிரல் எழுதியவர்களுள் ஒருவர் தம் பதிப்புரிமையைக் காட்டி மறுப்புத் தெரிவித்ததும் அதன் விநியோகம் நின்றது. அதே மாதம் மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. "ஸ்பிகாட்", "பேப்பர்" என்ற வேறு மென்பொருள்கள் அந்த இடத்தை நிரப்பின என்றாலும், பல்லாங்குழியின் பசு விதியை யாரும் வழக்குப் போட்டு நிறுத்த முடியாது என்ற உண்மையின் அருமை அப்போதுதான் விளங்கியது.

இன்று அந்த ஆட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் மலாயும் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவின் கடைக்காரர் பிள்ளை புறநகர் அடுக்குமாடியிலிருந்து ஒரு சர்வரைத் திறந்து, நண்பர்களுக்கு முன்கூட்டியே தன் விதிகளைச் சொல்லிவிடலாம். அவ்விதிகள் கோப்புகளில் பதிந்திருப்பதால், சர்வர் மூடப்பட்டாலும் கோப்புகளை வைத்து அதே விதிகளை மறுபடி அப்படியே நிறுவிவிட முடியும். பலகையின் விதிகளுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. தமிழ்நாட்டு வழக்குகளைப் பாவாணரும், மலாய் வழக்குகளை ஹெல்லியரும் ஓவர்பெக்கும் எழுதிவைத்தார்கள். குயின் வீதியிலும் சூலியா வீதியிலும் வளர்ந்து இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கும் பெண்களிடம் கேட்க வேண்டியவை சிலவே: குழிக்கு எத்தனை காய், எந்தப் பக்கமாகச் சுற்றுவது, கை காலியானால் எந்தக் குழியை அள்ளுவது, நான்கு சேர்ந்தால் யாருக்கு, நிரப்ப முடியாத குழிக்கு வீட்டில் என்ன பெயர், சிறியவர்களுக்கு எதைத் தளர்த்தினார்கள், மலாய்த் தோழி வந்து அமர்ந்தால் யார் விதிப்படி ஆடினார்கள். ஒரு வீட்டுக்கு அரைப்பக்கத்துக்கு மேல் ஆகாது.